அவள் கைக்கு ஒரு கழுத்து

என் மனைவியின் கைப்பிடி அளவை நான் திருட்டுத்தனமாகத்தான் எடுத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அதில் ஓர் உருண்டையை எடுத்து ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டின் மேல் அப்பி, "இத கொஞ்சம் புடி, வந்துடறேன்" என்று அவளுடைய இடது கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மாவில் அவள் விரல்கள் அழகாகப் பதிந்திருந்தன.

"இன்னா இது?"

"மோட்டாருக்கு ஒரு அளவு."

"மோட்டாரு சப்பாத்தி துன்னுமா? மாவ வீணாக்காதீங்க."

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார்களைக் கருக்கிக்கொண்டு வருகிற விவசாயிகளுடன் சண்டை போடுவதிலேயே என் பாதிப் பொழுது போய்விடும். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டிருப்பார்கள், கேட்டால் கரண்ட் மேல் பழி போடுவார்கள். எனக்குக் கோபம் மூக்கு மேல் வரும். என் மனைவி பனமலைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்வாள், அதற்கு என் கத்தலே பரவாயில்லை.

போன கோடையில் அவள் இறங்கி முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. கீழே விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்தபோது எலும்பு கூடிவிட்டது என்றார்கள். கூடியதென்னவோ உண்மை. ஆனால் கை முழுதாகத் திரும்பவில்லை. கரும்பலகையில் எழுதலாம், மாவு பிசையலாம், துணி பிழியலாம். கிட்டார் மட்டும் வாசிக்க முடியாது.

டீச்சர் டிரெயினிங் படித்த காலத்தில் ஹாஸ்டலில் கற்றுக்கொண்டு, கல்யாணத்துக்குப் பிறகும் விடாமல் வைத்திருந்த கிட்டார் அது. மாலையில் பேப்பர் திருத்தி முடித்ததும் மாடிக்குப் போய் வாசிப்பாள். பகலெல்லாம் வெயில் குடித்த பாறைகள் சூட்டைத் திருப்பி ஊருக்கே ஊதிக்கொண்டிருக்கிற நேரம். எனக்குச் சங்கீதம் தெரியாது. எந்தப் பாட்டு என்று கேட்டால் பத்துக்கு எட்டு தப்பாகத்தான் சொல்வேன். ஆனால் கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை திரும்பும்போது அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் எனக்கு வீடு வந்த மாதிரி இருக்கும். அது நின்றுபோன பிறகு வீட்டுக்குள் நுழையவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆவணியில் ஒரு நாள் அவள் கிட்டாரைத் துடைத்து உறையில் போட்டாள். "ஸ்கூலுக்குக் குடுத்துடலாம்ங்க. பசங்களாவது வாசிக்கட்டும்" என்றாள். பழைய புடவையைக் கொடுத்துவிடலாம் என்பதுபோல அவ்வளவு லேசாகச் சொன்னாள். அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். பொங்கல் வரைக்கும் பொறு என்றேன். எதற்கு என்றாள். பொறு என்றால் பொறு என்று கத்திவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

கடையில் உட்கார்ந்து போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. அவளுடைய கிட்டாருக்கு வயிறும் பெரிது, இடது கை பிடிக்கிற கழுத்தும் தடிமன். திரும்பாத கையால் அதை வளைத்துப் பிடிப்பது கஷ்டம். எலக்ட்ரிக் கிட்டாருக்குத் தட்டையான உடம்பு போதும், கழுத்தையும் ஒல்லியாகச் செய்யலாம். அதில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காயிலை நானே சுற்றிவிடுவேன். காந்தமும் செம்புக் கம்பியும் எனக்குச் சோறு போடுகிறவை. உடம்புக்குப் பலாப் பலகை இருந்தது. சிக்கல் கழுத்தில்தான் இருந்தது. ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கிற இழுப்பிலும் மழைக்கால ஈரத்திலும் மெல்லிய ஒற்றைக் கட்டை வளைந்துவிடும். அதனால் ஒரே பலகையை மூன்று பட்டைகளாக அறுத்து, பசை போட்டு ஒட்டிக் கழுத்தாக்க வேண்டும். நடுப்பட்டையை மட்டும் தலைகீழாகத் திருப்பி ஒட்ட வேண்டும். பக்கத்துப் பட்டைகள் ஒரு பக்கம் வளையப் பார்த்தால் நடுப்பட்டை எதிர்ப்பக்கம் இழுத்து நிறுத்தும்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இதையெல்லாம் வரைந்தேன். மாவில் எடுத்த அளவைக் குறித்தேன். ஒவ்வொரு பட்டைக்கும் அம்புக்குறி போட்டேன், நடுவில் இருப்பதற்கு மட்டும் எதிர்த்திசையில். அதைச் சுருட்டிக்கொண்டு அனந்தபுரத்துக்கு என் மாமனாரிடம் போனேன்.

மாமனார் கதவும் நிலையும் செய்கிறவர். ஆடி முடிந்துவிட்டால் புது வீட்டு வேலைகள் வரிசைகட்டி நிற்கும், மூச்சுவிட நேரம் இருக்காது. மகளுக்கு என்றதும் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டார். நிலைக்கு வாங்கியதில் மிஞ்சிய தேக்கில் நல்ல துண்டாக எடுத்து வைத்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நடுப்பட்டையின் அம்புக்குறியில் விரலை வைத்து, "இது இன்னா மாப்ள, இப்புடித் திரும்பிகினு இருக்குது?" என்று கேட்டார். விளக்கினேன். "ம்" என்றார். எனக்கு அந்த "ம்" போதும் என்று தோன்றியது. அவருடன் இத்தனை வருஷம் பழகியும் எனக்குப் புத்தி வரவில்லை.

புரட்டாசியில் கழுத்து வந்தது. கை வைத்தால் வழுக்குகிற மாதிரி இழைத்திருந்தார். தேங்காயெண்ணெய் தடவிப் பரண்மேல் பத்திரமாக வைத்தேன். ஐப்பசி மழை பிடித்து வாரக்கணக்கில் சுவரெல்லாம் ஈரம் கோத்தது. மழை விட்ட ஒரு காலையில் எடுத்து, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தேன். கழுத்து இடது பக்கமாக ஒதுங்கியிருந்தது. முன்பக்கம் வளைந்தால் உள்ளே வைக்கிற இரும்புக் கம்பியின் மரையை முறுக்கி நிமிர்த்திவிடலாம். பக்கவாட்டில் போனதற்கு மருந்து கிடையாது.

அப்போதுதான் அடிமுனையைப் பார்த்தேன். மாமனார் எந்த மரத்தை அறுத்தாலும் வேர்ப்பக்கத்து முனையில் பென்சிலால் ஒரு சுழி போடுவார். மூன்று பட்டைகளின் சுழிகளும் ஒரே முனையில் வரிசையாக இருந்தன. மனிதர் என் அம்புக்குறியைப் பார்த்து "ம்" சொல்லிவிட்டு, நடுப்பட்டையையும் மற்றவை போலவே நேராகத் திருப்பி ஒட்டியிருக்கிறார்.

போன் போட்டுக் கத்தினேன். அவர் மறுக்கவில்லை. "ஆமா மாப்ள, நான்தான் நேராத் திருப்பினேன். நெலைக்கால்ல அடி கீழ, நுனி மேல. தலைகீழா நிக்கற கட்டைய நான் எந்த வீட்லயும் வெச்சதில்ல, குடும்பத்துக்கு ஆகாது. பெத்த பொண்ணு கையில குடுப்பனா?"

"இது நெலைக்கால் இல்ல மாமா, கிட்டாரு!"

"அவ கை ஒடஞ்சது பத்தாதா?" என்று அவர் கேட்டார். வீம்பில் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவரே வீட்டுக்கு வந்தார். கையில் அதே தேக்கில் மிச்சமிருந்த துண்டு. சமையலறை வாசலில் உட்கார்ந்து இருவரும் மறுபடி ஆரம்பித்தோம். தலைகீழாகத் திருப்பினால்தான் நிற்கும் என்றேன் நான். திருப்பினால் தொடமாட்டேன், வேறு ஆசாரியைப் பாருங்கள் என்றார் அவர். காலண்டர் தாள் எங்கள் இருவர் கையிலும் மாறி மாறிக் கசங்கியது.

என் மனைவி உள்ளே சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதுவரை இந்தப் புதுக் கிட்டார் விவகாரத்தில் அவள் தலையிட்டதில்லை. கழுத்து வந்த அன்றுகூட, "நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். இப்போது வளைந்த முருங்கைக்காய்கள் இரண்டை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் தரையில் வைத்தாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் கத்தாம இருங்க. நைனா, இது ரெண்டுத்துலயும் காம்பு உங்க பக்கம் இருக்குதா?"

"இருக்குது."

"ரெண்டும் ஒரே பக்கம் வளைஞ்சிருக்குதா?"

"ஆமாம்மா."

ஒரு காயை அப்படியே மேல்பக்கம் கீழே போகும்படி புரட்டிப் போட்டாள். காம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. வளைவு மட்டும் எதிர்ப்பக்கம் போயிருந்தது.

"தலைகீழாவும் ஆகல, வளைவும் மாறிடுச்சி. இதுக்குப் போயி ஒரு வாரமா மாமனும் மருமகனும் பேசாம கெடக்குறீங்க."

மாமனார் தன் கையால் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு நான் புரட்டிப் பார்த்தேன். ஆயுள் முழுக்க மரம் அறுத்தவருக்கும் தோன்றவில்லை, ஊரில் உள்ள வீடியோவெல்லாம் பார்த்த எனக்கும் தோன்றவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அடி கீழதான இருக்குது, அப்ப எனக்கு இன்னா, பேஷா ஒட்டிடலாம்" என்று சொல்லிக் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தாளில் என் அம்புக்குறியை அடித்தார்.

அவள் உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். தாளை எட்டி வாங்கிக் கழுத்தின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தாள். மாவில் எடுத்த அளவைக் குறித்திருந்த இடம் அது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மாமனார் கொண்டுவந்திருந்த தேக்குத் துண்டை இடது கையில் எடுத்தாள். அதைத் தோளுக்குக் கிட்டத்தில் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். வலித்திருக்க வேண்டும், கண்ணைச் சுருக்கினாள். எங்கே கீழே வைத்துவிடப் போகிறாளோ என்று நினைத்தேன்.

வைக்கவில்லை. விரல்களைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி மடக்கினாள். பிறகு அப்பாவிடமிருந்து பென்சிலை வாங்கி, நான் போட்டிருந்த கோட்டுக்கு உள்ளே இன்னொரு கோடு இழுத்தாள்.

"இங்க ஒரு நூல் கொறைங்க நைனா. இவ்ளோ தடியா இருந்தா நான் எப்புடி வாசிக்கறது?"