‘இஞ்சை இல்லை’ என்று எழுதிய பக்கம்

எங்கள் கல்லூரி நூலகத்தில் குழந்தைகளைப் பராமரிக்கும் தாதியர் கல்விக்கென்று உருப்படியான புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டு கையாலும் ஏந்தித் தூக்க வேண்டிய பாரம். வெளிநாட்டில் இருந்து யாரோ பெட்டி பெட்டியாக அனுப்பிய பழைய புத்தகங்களோடு வந்தது. அதைக் கண்ணாடி அலுமாரியில் பூட்டி, திறப்பை நூலகப் பொறுப்பாளர் தன் கைப்பைக்குள் வைத்திருந்தார்.

சண்டை முடிந்து சனங்கள் திரும்பி வரத் தொடங்கிய காலத்தில் மன்னார் நகரத்தில் தொடங்கிய சின்னக் கல்லூரி அது. நூலகம் என்றால் ஒரு அறை, ஆறு கதிரை, கடற்காற்றில் ஓயாமல் அடித்துக்கொள்ளும் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். பொறுப்பாளர் மிஸ் மன்னாருக்குப் பக்கத்துத் தாராபுரத்துக்காரர், சண்டைக் காலத்தில் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்தவர். நான் இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்து திரும்பி வந்தவள். “உங்களுக்கு இந்தியத் தமிழ், எனக்குப் புத்தளத் தமிழ், புத்தகத்துக்கு இங்கிலீஷ். ஆர் ஆரைத் திருத்திறது?” என்று சிரிப்பார். ஆனால் சட்டத்தில் கறார். புத்தகம் வெளியே போகாது, பேனா உள்ளே வராது. பென்சில் மட்டும் கொண்டு வரலாம்.

அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் குளிர் நாட்டுக்காரர்கள். பிள்ளைக்குப் பனிச் சப்பாத்துப் போடுவது, காரில் தனிக் கதிரை பூட்டுவது, அறையைச் சூடாக்குவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். எங்களுக்கு முந்திய வகுப்பில் யாரோ ஒருத்தி பனிச் சப்பாத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில், ‘இஞ்சை இல்லை’, இங்கே இதெல்லாம் கிடையாது என்று பென்சிலால் எழுதி வைத்தாள். அதுவே வழக்கமாகிவிட்டது. எங்களுக்கு ஒரு பக்கத்தைக் கடக்க அகராதியோடு ஒரு மணித்தியாலம் போகும். ஓரத்தில் அந்தக் குறிப்பு இருந்தால் பின்னால் வருகிறவள் அந்த வரியைத் தாண்டிப் போகலாம். பெரிய உதவி அது. ‘பிள்ளைக்குத் தனி அறை’ – இஞ்சை இல்லை. ‘தகப்பன் ஒரு வாரம் லீவு எடுத்து’ – இஞ்சை இல்லவே இல்லை, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். நானும் நிறைய எழுதினேன். எனக்கு வாய் நீளம் என்று அம்மா சொல்லுவாள். பென்சிலும் அப்படித்தான்.

ஆவணியில் ஒரு ஒப்படை தந்தார்கள். எடை கூடாத குழந்தை ஒன்றைப் பார்த்து, புத்தகத்தோடு ஒப்பிட்டு, காரணமும் பராமரிப்புத் திட்டமும் எழுத வேண்டும். எனக்குப் பிள்ளை தேட வேண்டி வரவில்லை. வெள்ளாங்குளத்தில் என் அக்காவுக்கு மூன்று மாதத்தில் மகள் இருந்தாள். கிளினிக் கார்ட்டில் மற்றப் பிள்ளைகளின் கோடு மேலே ஏறும், இவளுடைய கோடு படுத்துக் கிடந்தது. மருத்துவமாது கார்ட்டைப் பார்த்துவிட்டு, “எதுக்கும் மன்னார் ஆஸ்பத்திரியில ஒருக்காக் காட்டுங்கோ” என்று துண்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

அக்கா அந்தத் துண்டை மடித்துக் கார்ட்டுக்குள் வைத்துக்கொண்டு எனக்குப் போன் எடுத்தாள்.

“நீ அங்கதானே படிக்கிறாய். என்ன செய்ய? கொண்டு வரட்டோ?”

“அவசரப்படாதேங்கோ அக்கா. நான் லைப்ரறியில பாத்திட்டுச் சொல்லுறன்.”

முதலாம் வருஷக்காரி சொன்ன சொல் இது. குறைகுடம் கூத்தாடும் என்று சும்மாவா சொன்னார்கள். அக்கா கேட்டுக்கொண்டாள். முகாமில் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் அவள். வீட்டிலேயே கல்லூரி வாசலை மிதித்தது நான் ஒருத்திதான்.

மூன்று பின்னேரம் நூலகத்தில் இருந்தேன். எடை கூடாததற்குக் காரணங்கள் வரிசையாக இருந்தன. பால் போதாமை, பால் கொடுக்கும் முறை பிழை, வயிற்றோட்டம், கிருமித் தொற்று. கடைசியில் இருதயம். ‘பால் குடிக்கும்போது பிள்ளைக்குத் தலையும் நெற்றியும் வியர்க்கும். கொஞ்சம் குடித்ததும் களைத்துத் தூங்கிவிடும். மூச்சு வேகமாக இருக்கும்.’ அந்த வரிகளை நான் வாசித்தேன். காணவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. அகராதியில் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து வாசித்தேன். அக்காவின் மடியில் நெற்றி நனைந்து கிடக்கும் பிள்ளையின் முகம்கூட நினைவில் வந்து போனது.

அடுத்த நொடி தகரம் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த தகரக் கொட்டிலில்தான் அக்கா குடும்பம் இருந்தது. நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். ஆவணி வெயிலில் அதற்குள் அத்தானுக்கு வியர்க்கும், அம்மாவுக்கு வியர்க்கும், பாயில் கிடக்கும் நாய்க்குக்கூட நாக்குத் தொங்கும். குளிர் நாட்டில் ஒரு பிள்ளைக்கு வியர்த்தால் அது செய்தி. வெள்ளாங்குளத்தில் அது என்ன செய்தி? ஓரத்தில் எழுதினேன்: ‘இஞ்சை இல்லை. தகரத்துக்குக் கீழ எல்லாருக்கும் வியர்க்கும்.’ பக்கத்தில் இருந்தவளுக்குக் காட்டினேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

“என்ன புள்ள, வருத்தத்தைப் படிச்சாச் சிரிப்பு வருதோ?” என்று பொறுப்பாளர் மேசையில் இருந்து கேட்டார்.

அந்தக் கிழமை வெள்ளாங்குளம் போனேன். வீட்டுத்திட்டத்தில் கல்வீடு எழும்பிக்கொண்டிருந்த நேரம். கூலிக்கு ஆள் பிடிக்க வழியில்லாமல் அக்காவும் அத்தானும் தாங்களே மண் அரித்து, கல் சுமந்து கட்டினார்கள். பிள்ளை மரநிழலில் கட்டிய சேலை ஏணைக்குள் கிடந்தது. எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கிடைத்ததோடு கோபமும் வந்தது.

“பிள்ளையை ஏணையில போட்டிட்டுக் கல்லுச் சுமந்தா எப்பிடி அக்கா எடை கூடும்? நேரத்துக்குப் பால் குடுக்கிறேல்ல. அதுதான் வருத்தம். வேற ஒண்டுமில்லை.”

“குடுக்கிறன். அவள்தான் ரெண்டு வாய் குடிச்சிட்டுப் படுத்திடுறாள்.”

“படுத்தா எழுப்பிக் குடுங்கோ. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்காக் குடுக்க வேணும். குடுத்ததை எழுதி வையுங்கோ. நான் வந்து பாப்பன்.”

அக்கா மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எழுதக் கொப்பி இல்லை. ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் தகரச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டாள். பிள்ளை தூங்கினால் உள்ளங்காலைச் சுரண்டி எழுப்பினாள். எழுப்பிக் குடுக்கச் சொன்னது நான்.

அடுத்த கிளினிக்கில் எடை கொஞ்சம் கூடியிருந்தது. அம்மா ஊரெல்லாம் சொன்னாள். ஆஸ்பத்திரித் துண்டை எல்லோரும் மறந்தோம். என் ஒப்படைக்கு வகுப்பிலேயே கூடின புள்ளி. தாயோடு எப்படிக் கதைத்து வழிக்குக் கொண்டு வரலாம் என்பதற்கு உதாரணம் என்று வகுப்பில் வாசித்துக் காட்டினார்கள். நான் தலையைக் குனிந்து வெட்கப்படுவதுபோல இருந்தேன். உள்ளே பெருமையில் எனக்குச் சரியான புளுகம்.

கார்த்திகையில் மழை பிடித்தது. லீவில் வீட்டுக்குப் போனேன். வெளியே வாடைக்காற்று, தகரத்தில் மழை. நான் அம்மாவின் போர்வையைப் போர்த்துக்கொண்டு பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தேன். எதிரே அக்கா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் கை தானாகப் போய் சட்டை நுனியால் பிள்ளையின் நெற்றியைத் துடைத்தது. சற்று நேரத்தில் திரும்பவும் துடைத்தது.

“என்னத்தை அக்கா துடைக்கிறீங்கள்?”

“வேர்வை. இவளுக்கு எப்பவும் இப்பிடித்தானே.”

போர்வையை எறிந்துவிட்டுப் போய்த் தொட்டுப் பார்த்தேன். நெற்றி நனைந்து குளிர்ந்திருந்தது. கார்ட்டுக்குள் மடித்துக் கிடந்த ஆஸ்பத்திரித் துண்டைத் தேடி எடுத்தேன்.

காலையில் முதல் பஸ்ஸில் மன்னாருக்குக் கொண்டு போனோம். டொக்டர் பிள்ளையின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், நெடுநேரம் கேட்டார், பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டார். இருதயத்தில் ஓட்டை, பெரிய ஓட்டை. பால் குடிப்பது இந்தப் பிள்ளைக்கு மலை ஏறுகிற வேலை என்று எனக்கு விளங்கப்படுத்தினார், நான் தாதிக்குப் படிக்கிறவள் என்று சொன்னதால். இடையில் கூடின எடை எப்படி என்று கேட்டேன். “அது சதை இல்லை, உடம்பில தேங்கின தண்ணி” என்றார். அக்காவுக்கு நான் அதைச் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே நூலகத்துக்குப் போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பொறுப்பாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு திறப்பை எடுத்தார்.

பக்கம் தானாகவே திறந்தது. என் கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே வேறொருத்தி, எனக்குப் பின்னால் வந்தவள், ‘ஓம், உண்மை’ என்று எழுதியிருந்தாள். என் பகிடியை நம்பி அவளும் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறாள். பக்கத்தைப் புரட்டினேன். பராமரிப்பு: பிள்ளையைக் களைக்க விடக்கூடாது, அடிக்கடி எழுப்பக்கூடாது, பாலுக்கும் பாலுக்கும் இடையில் நன்றாக ஓய்வு கொடுக்க வேண்டும். தகரச் சுவரில் இருந்த கரிக்கோடுகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தன. அதற்கும் கீழே கடைசி வரி: ‘தாமதிக்காமல் குழந்தை இருதய சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பவும்.’ அந்த வரிக்குப் பக்கத்தில் ஓரம் வெள்ளையாக இருந்தது. ‘இஞ்சை இல்லை’ என்று எழுத வேண்டிய ஒரே வரிக்கு எங்களில் ஒருத்தியும் எழுதியிருக்கவில்லை.

“மிஸ், அழிறப்பர் இருக்கோ?”

“எடுங்கோ. எத்தின நாளாச் சொல்லுறன், புத்தகத்தில கிறுக்காதேங்கோ எண்டு.”

என்னுடையதையும் அழித்தேன், மற்றவளுடையதையும் அழித்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் புத்தகத்தில் என் கைக்கு எட்டியது அந்த இரண்டு வரிதான்.

கொழும்பில் சத்திரசிகிச்சைக்குத் திகதி தந்தார்கள், பங்குனியில். வரிசையில் நிறையப் பிள்ளைகள். அத்தான் அந்தக் கடதாசியைப் பொலித்தீன் பையில் போட்டுத் தகரத்தில் செருகி வைத்தார். நான் நூலகத்தில் கிடையாகக் கிடந்து அந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன், பங்குனியை முன்னுக்குக் கொண்டுவரும் வழி அதற்குள் எங்கோ இருப்பதுபோல. பிள்ளை தை முடியும் முன் போய்விட்டது. சளி பிடித்தது, மூன்று நாள், அவ்வளவுதான். நான் பக்கத்தில் இருந்தேன். நாடி பிடித்து எண்ணத் தெரிந்தது. எண்ணினேன்.

சித்திரையில் கல்வீட்டுக்குக் குடிபோனார்கள். கொட்டிலின் தகரங்களைக் கழற்றிப் புது வீட்டுக்குப் பின்னால் குசினிக்கு அடித்தார்கள். ஒரு நாள் குசினியில் அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தகரத்தில் அந்தக் கரிக்கோடுகள் மழையில் கரைந்தும் கரையாமலும் நின்றன. அவள் திரும்பி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“உங்கட கொலிச்சில இருக்கிற புத்தகங்களில இந்த வருத்தத்தைப் பற்றி ஒண்டும் போடேல்லையோ?”

“இல்லை அக்கா” என்றேன்.

“அதுதானே. இருந்திருந்தா நீ கண்டிருப்பாய்” என்றாள் அக்கா. “நீ என்ன செய்வாய், பாவம்.”