தண்ணி அளக்கிற டின்

பால்மா டின்னைக் கண்டால் மற்றவர்களுக்குத் தேத்தண்ணி நினைவு வரும். எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். எங்கள் டின்னின் மூடியில் இரண்டு துளைகள். ஒன்றில் மிதவைக்குப் போகும் வயர், மற்றதில் மீட்டருக்குப் போகும் வயர். வாவியில் தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், அது ஒரு மாறும் தடையியைத் திருப்பும், மீட்டரின் முள் நகரும். தொழில்நுட்பக் கல்லூரியில் இறுதி வருடச் செயற்றிட்டம் அது. இரண்டு பேர் சேர்ந்து செய்தோம்: வேலை செய்தவன் என் மாமியின் மகன், பேசியவன் நான்.

முள் நிலைகொள்ளவில்லை. ஒவ்வொரு சிற்றலைக்கும் துள்ளியது. அதைத் திருத்தப் புறப்பட்ட நான், மின்னைத் தேக்கிவைக்கும் கொள்ளளவி ஒன்றின் கால்களை மாற்றிப் பூட்டினேன். அது வெடித்த சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் குப்புற விழுந்தார்கள். சண்டை நடந்த அந்த நாட்களில் எந்தச் சத்தத்துக்கும் முதலில் விழுவது, பிறகுதான் சிரிப்பது. மச்சான் வேறொரு கொள்ளளவியைத் தடையியோடு சேர்த்துப் பூட்டினான். முள் அடங்கியது. அலையின் துள்ளலை இது விழுங்கிவிடும், மெல்ல ஏறும் தண்ணீரை மட்டும் விடும் என்று விளக்கிவிட்டு என்னைப் பார்த்தான். "உன்ட வாய்க்கும் ஒண்டு பூட்டணும் மச்சான்."

வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் பரிசோதித்துவிட்டுத் திரும்பிய பின்னேரம், துறையடிச் சோதனைச் சாவடிக்குச் சற்று முன்னால் சைக்கிளை நிறுத்தினான். "கேட்டா தண்ணி அளக்கிறதெண்டு மட்டும் சொல்லு. வேற ஒண்டும் பறையாத."

சிப்பாய் மூடியைத் திறந்தான். வயரையும் பற்றரியையும் பார்த்துவிட்டு, என்ன இது என்று ஆங்கிலத்தில் கேட்டான். மச்சான் வாவியைக் கைகாட்டினான். அதோடு விட்டிருக்கலாம். வகுப்பில் ஆங்கிலத்துக்குக் கூடிய புள்ளி எனக்குத்தான். முள்ளை அடக்கிய வேலைக்குச் செயற்றிட்ட அறிக்கையில் போட்டிருந்த தலைப்பையே ஒப்புவித்தேன்: "சிக்னல் கண்டிஷனிங், சேர்."

அதில் அவனுக்குப் புரிந்தது முதற்சொல் மட்டுந்தான். யாருக்குச் சிக்னல் என்றான். நான் விளக்க விளக்க அந்தச் சொல் இன்னும் நாலைந்து தரம் வந்தது. பிறகு அரைகுறைத் தமிழில், டின் யாருடையது என்று கேட்டான். என் வாய் வாழ்க்கையில் முதன்முறையாக அடைத்துக்கொண்டது.

"என்ட," என்றான் மச்சான். "அவனுக்கு இதுல ஒண்டும் தெரியா."

அது பொய்யுமில்லை.

அவனையும் டின்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள். என்னைப் போகச் சொன்னார்கள். மாமி எத்தனையோ முகாம் வாசல்களில் நின்றாள். நானும் கூட நின்றேன். அவன் வரவில்லை. என்ன நடந்தது என்று அவள் கேட்டபோதெல்லாம், டின்னைக் கண்டு அவனைப் பிடித்தார்கள் என்றேன். நான் சொன்ன அந்த ஒரு சொல்லை மட்டும் வடிகட்டிவிட்டேன்.

இப்போது நீர்மட்டக் கருவிகள் பூட்டுவதுதான் என் தொழில். வாவியோரத்தில் யாரும் என்னவென்று கேட்டால், தண்ணி அளக்கிறது என்பேன். வேறொன்றும் பறைவதில்லை. வேலை முடிந்து மாமி வீட்டுக்குப் போனால், அவள் பால்மா டின்னைத் திறந்து தேத்தண்ணி போட்டுத் தருவாள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வரும்.

"தேத்தண்ணி நல்லாயிருக்கு மாமி," என்பேன்.