எடுத்து வைத்த பெட்டி

பல்லக்கா வீட்டைக் காலி செய்த கையோடு, புருஷனையும் குடோனில் போட்டுப் பூட்டிவிட்டாள் என்று தெருவில் ஒரு பேச்சு. கிளப்பியவர் சலூன்காரர். யார் சொன்னது என்று கேட்டால் சோப்பைக் குழைத்து வாயோடு சேர்த்துப் பூசிவிடுகிறார். அதற்குமேல் எங்கே கேட்பது? குடோன் வரை போய் விசாரித்ததில், பேச்சில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.

பல்லக்கா பல் செட்டு செய்கிறவள். தெருவில் அவளைப் பற்றிப் புறம் பேசுகிறவர்களில் பலர் அவள் செய்த பல்லால்தான் பேசுகிறார்கள். இத்தனை காலம் இன்னொருவரிடம் கூலிக்குச் செய்தவளுக்குத் தனியாகத் தொழில் தொடங்க ஆசை. புதிதாக வந்த பல் டாக்டரம்மா, "நீங்க செஞ்சதக் கொண்டு வந்து காட்டுங்க. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வேலை யாருக்குன்னு முடிவு பண்ணிடுவேன்" என்று சொல்லியிருந்தார்.

குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டு, அதே சனிக்கிழமைதான் காலி செய்யச் சொன்னார். புது வீட்டில் பெயின்ட் காயவில்லை. அதுவரை நாத்தனார் வீட்டில் ஓர் அறை. இரண்டு பேர் நுழைந்தால் தலையணை வெளியே நிற்க வேண்டும். ஆகவே சாமான்கள் எல்லாம் மாத வாடகைக் குடோனுக்கு.

காலையிலிருந்து அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒட்டிய பெட்டியைப் பிரித்தாள், பிரித்ததை மறுபடி ஒட்டினாள். கத்தரிக்கோலை உள்ளே வைத்து ஒட்டிவிட்டு, டேப்பைப் பல்லால் கடித்தாள். சொந்தப் பல்தான். மாதிரி செட்டுகள் இருந்த பெட்டிமேல் மட்டும் பெரிதாக 'எடுத்து வைக்கவும்' என்று எழுதினாள்.

அங்கேதான் வினை. சாப்பாடு எடுத்து வைப்பதுபோல, கைக்கெட்டும்படி தயாராக வை என்பது அவள் கணக்கு. அவள் கணவர் மின்சார மீட்டர் பார்க்கிறவர். எழுதியிருப்பதை அப்படியே படிக்கிற உத்தியோகம். துவைத்த துணியை எடுத்து வைப்பதுபோல, பத்திரமாக உள்ளே தள்ளு என்று படித்தார். குடோன் அறைக்குள் முதல் ஆளாகப் போனதே அந்தப் பெட்டிதான். அதை மறைத்து பீரோ, பீரோவுக்கு முன்னால் பிரிட்ஜ், மெத்தை, சோபா.

வேன் காலியானதும் கேட்டாள். "அந்தப் பெட்டி எங்கங்க?"

"எடுத்து வச்சாச்சு."

"சரி, குடுங்க. கிளம்பறேன்."

"எங்கேர்ந்து குடுக்கறது? அதான் எடுத்து வச்சாச்சே." மோவாயால் கோடிச் சுவரைக் காட்டினார்.

"சாப்பாடு எடுத்து வைன்னா பீரோவுக்குப் பின்னாடியா வைப்பீங்க?"

"துணிய எடுத்து வைன்னா நீ என்ன, தட்டுல போட்டுப் பரிமாறுவியா?"

குடோன் காவலாளி நடுவில் வந்தார். "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். ஆனா நேரமாச்சு, நான் பூட்டணும்."

கணவர் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு சோபாமேல் ஏறி, மெத்தையைத் தாண்டி, பீரோவுக்கும் சுவருக்கும் இடையே இறங்கினார். சற்று நேரத்தில் பீரோவின் தலைக்குமேல் பெட்டி வந்தது. பின்னாலேயே தடால் என்று ஒரு சத்தம். சுருட்டிய மெத்தை அவிழ்ந்து இடுக்கை அடைத்துக்கொண்டது.

"வந்துடுவீங்கல்ல?"

"வந்துட்டேன் பாரு" என்றது குரல். ஆள் வரவில்லை.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள். பிறகு ஓடினாள். காவலாளி விதியை மீறாதவர். அவள் திரும்பிப் பார்க்கும்போதே, காற்றுக்கு ஒரு முழம் விட்டு ஷட்டரை இறக்கினார்.

டாக்டரம்மா கடைவாய்ப் பல் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். பல்லக்கா ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றாள்.

"உக்காருங்களேன். ஏன் இப்படித் தவிக்கறீங்க?"

"வீட்டுக்காரர குடோன்ல விட்டு ஷட்டரப் போட்டுட்டு வந்திருக்கேன், டாக்டர்."

காத்திருந்தவர்களில் வீங்கிய கன்னத்தோடு சலூன்காரரும் இருந்தார். மீதியை அவர் பார்த்துக்கொண்டார்.

டாக்டரம்மா சிரித்தபடி, "செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரோட பல் அச்சு அனுப்பறேன், செட்டு செஞ்சு குடுங்க. முதல்ல போய் அவரக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

திரும்பி வந்தபோது சோபா வாசலில் கிடந்தது. கணவரும் காவலாளியும் அதில் சம்பந்திகள் மாதிரி அமர்ந்திருந்தார்கள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"எனக்கு அப்பவே தெரியும்." கணவரின் முகம் மலர்ந்தது, உடனே கொஞ்சம் வாடியது. "இவருக்குக் கீழ் செட்டு ஆடுதாம். நீ சரி பண்ணித் தருவேன்னு சொல்லியிருக்கேன். அப்புறந்தான் மெத்தையில கை வச்சார்."

"யாரக் கேட்டுச் சொன்னீங்க?"

"உள்ள இருந்துக்கிட்டு யாரக் கேக்கறது?"

காவலாளி கேட்காமலேயே வாயைத் திறந்தார். எட்டிப் பார்த்தவள், "இது நான் செஞ்சதில்ல. பாக்கலாம், முதல் வேலை முடியட்டும்" என்றாள்.

முதல் வேலை முடிந்தது, மூன்றாவதும் முடிந்தது. குடோனுக்கு அவள் ஏதாவது எடுக்கப் போகும்போதெல்லாம் காவலாளி ஒன்றும் கேட்பதில்லை. ஷட்டரைத் தூக்கிவிட்டு, கீழ்த்தாடையை இப்படியும் அப்படியும் ஒருமுறை நகர்த்திக் காட்டுகிறார். அவளோ, பூட்டில் துரு இருக்கிறதா என்று பார்க்கிறாள்.