டிஸ்சார்ஜ் என்றால்

எழுபதுகளின் கடைசியில், சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் என் அம்மா படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டில்காரியின் புருஷனாகத்தான் அவரைத் தெரியும். நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர். காக்கிச் சட்டை, சிவந்த கண்கள். பேச்சு நின்றுபோன மனைவிக்கு, காலையும் மாலையும் தலை வாரிப் பின்னிவிடுவார்.

ஒரு நாள் டாக்டர் சீட்டில் எதையோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். டிரைவர் அதை என்னிடம் நீட்டினார்.

“அம்மணி, இதுல என்ன எழுதியிருக்குது?”

“டிஸ்சார்ஜ்னு போட்டிருக்குதுங்க.”

“எங்க லாரியில பேட்டரி டிஸ்சார்ஜ் ஆச்சுன்னா வண்டி நகராது. இங்க என்ன அர்த்தமுங்க?”

அவர் மனைவிக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது.

“ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு அர்த்தமுங்க.”

“அப்படீன்னா குணமாயிருச்சுங்களா?”

நான் திரும்பி அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு மனைவியின் காதருகே குனிந்து, “ஊட்டுக்குப் போலாம் சாமி. உனக்கு நல்லாயிருச்சாம்” என்றார்.

அவள் சிரித்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அவர் நம்பிச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.