வாசலை விட்டு நகராத கார்

கடைத்தெருவில் பேட்டரிக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். வாயைத் திறந்தால் மூடமாட்டார். "மூணு வருஷம், மிஞ்சிப்போனா நாலு. அதுக்கு மேல ஓடினா அது பேட்டரியோட பெருந்தன்மை," என்பார். முனைகளில் வெள்ளை பூத்திருந்தால் வண்டிக்காரரை நிற்க வைத்துத் திட்டுவார். பேட்டரிக்குள் குழாய்த் தண்ணீர் ஊற்றியவர்களுக்குத் தனி அர்ச்சனை. அவருக்குச் சுத்தமாக ஆகாத கூட்டம் ஒன்று உண்டு: வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைத்து, காலையில் கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைப்பவர்கள்.

"ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரி நிறைய கரன்ட் கொடுக்குது. அந்தக் கொஞ்ச நேரத்துல திரும்பக் கிடைக்கிறது எவ்வளவு? தினமும் இப்படிக் கறந்தா எது தாங்கும்? நல்லா ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்கய்யா!"

இவ்வளவு பேசிய மனிதர் வீட்டில் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். எந்த நேரமும் போன் வரலாம், வந்தால் உடனே கிளம்ப வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து தன் பழைய காரை அவர் வாசலை விட்டு நகர்த்தவில்லை. கடைக்கு பஸ்ஸில் போனார். எங்காவது வழியில் பஞ்சராகி நிற்கும்போது பார்த்துப் போன் வந்துவிட்டால்? அதனால் காலையில் சாவியைத் திருப்புவார், சத்தத்தைக் கேட்பார், நிம்மதியாக அணைத்துவிடுவார்.

"ஒரு சுத்து போயிட்டு வாங்களேன். ஊருக்கெல்லாம் நீங்கதானே சொல்றீங்க?" என்றாள் மனைவி.

"அது ஊருக்கு. நம்ம வண்டி வாசல்ல இருக்கணும்."

பயம் வந்துவிட்டால் தெரிந்த தொழிலும் தெரியாமல் போய்விடும் போலிருக்கிறது.

போன் வந்தது ஒரு மழை நாளில், அவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது. மூன்று மணிக்குள் வந்து சேர வேண்டும். தாண்டினால் அடுத்தவருக்குப் போய்விடும். சாப்பிட்ட கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடினார். மனைவி பையோடு ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினார்.

டிக்.

மறுபடியும் திருப்பினார். டிக். முன்னால் இருந்த சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்து அழுதது.

வாடகைக் காருக்குப் போன் செய்தார். மழையில் எல்லா வண்டியும் மாட்டிக்கொண்டிருக்கிறது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். தெருவில் இருந்த கார்கள் எல்லாம் ஆபீசுக்குப் போயிருந்தன. நல்ல பேட்டரிகள் அடுக்கடுக்காகக் கடையில் இருந்தன. கடை ஊரின் மறுகோடியில் இருந்தது.

"நானே கொன்னுட்டேனே," என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் பேட்டரியைச் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

"தெரு இறக்கம்தானே? நீங்க தள்ளுங்க. நான் ஓட்டுறேன்," என்று இறங்கி ஓட்டுநர் இருக்கைக்கு வந்தாள்.

"உன்னால முடியுமா?"

"தள்ளத்தான் முடியாது. மிதிக்க முடியும்."

"சாவி ஆன்ல இருக்கட்டும். ரெண்டாவது கியர். கிளட்சை மிதிச்சே பிடி, நான் சொன்னதும் விடு!"

தள்ளினார். வண்டி உருண்டது. "விடு!" கார் குலுங்கி நின்றுவிட்டது. முக்கால்வாசி இறக்கம் தீர்ந்துபோயிருந்தது. மிச்சம் தெருமுனை வரைதான், அப்புறம் சமதரை. மீண்டும் தோளைக் கொடுத்துத் தள்ளினார். கால் வழுக்கி முழங்கால் சிராய்த்தது. விடவில்லை. "இப்ப விடு!"

இருமியது. இன்னொரு முறை இருமியது. பிடித்துக்கொண்டது.

ஓடிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்து தாவி ஏறினார். "நிறுத்து, நான் ஓட்டுறேன்."

"நிறுத்தி அணைஞ்சு போச்சுன்னா?"

"வைப்பரை அணை, கரன்ட் இழுக்கும்," என்று மட்டும் சொன்னார்.

"ரோடு தெரியாம ரெண்டு பேரும் நேரா மேல போகவா? சும்மா இருங்க."

சும்மா இருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம். சிக்னலில் நின்றபோதெல்லாம் அவள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடியே இருந்தாள். அவர் மூச்சைப் பிடித்தபடியே இருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கை காட்டினார். "இன்ஜினை ஆஃப் பண்ணுங்கம்மா."

அவர் கை தன்னாலே தடுக்கப் போனது. அவள் அணைத்துவிட்டாள். மூன்று மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"புதுசு ஒண்ணு போட்டுடுங்க. திரும்பி வரும்போது என்னால மிதிக்க முடியாது."

புதிய சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று மறுநாள் நர்ஸ் சொன்னபோது அவர் அங்கேயே உட்கார்ந்து, வெட்கப்படாமல் அழுதார். அன்றே புது பேட்டரி போட்டார். அவள் வீடு திரும்பிய மறுநாள் காலையில் கார் உறுமியது. ஆனால் அடங்கவில்லை, தெருமுனை திரும்பிப் போய்விட்டது. அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். வாசல் காலியாகக் கிடந்தது. இனி காத்திருக்க வேண்டிய போன் எதுவும் இல்லை.