காதுக்குள் ஓயாத விசில்

என் அக்காவின் கணவர் கண்ணாடி வெட்டுபவர். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் மேசைக்கும் அளவெடுத்து வந்து, பெரிய தகட்டிலிருந்து வெட்டிக் கொடுப்பார். கீழே கடை, மேலே வீடு. மற்றவர்களுக்கு அவர் கண்ணாடிக்காரர், எனக்கு மாமா. வாரம் முழுக்க எதுவும் உடையக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்குப் போய் அட்டையில் ஓட்டை போடுவார். நானும் கூடவே போவேன். அதற்கு ஓர் ஆணியும் சுத்தியலும் போதுமே என்பது அக்காவின் கருத்து.

மாமாவின் காதுக்குள் ஒரு விசில் உண்டு. யாரோ ஊதத் தொடங்கி நிறுத்த மறந்த மாதிரி அது ஊதிக்கொண்டே இருக்கும். பகலில் கடைச் சத்தத்தில் அடங்கிக் கிடக்கும், வீடு அமைதியானதும் தலைதூக்கும். அதனால் எவ்வளவு குளிர் அடித்தாலும் மின்விசிறி ஓடினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அக்கா இரண்டு போர்வைக்குள் முடங்கிக்கொண்டு அவரைத் திட்டியபடியே தூங்கிப்போவாள்.

விசிலைப் பற்றி அவர் யாரிடமும் ஒளிக்கவில்லை. காது மந்தம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்பார். ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடாவிட்டால் அது கீச்சுக்குரலில் கத்தும். அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படிப்பார். மெல்லிய குரல்கள்தான் அவரை விட்டு முதலில் போயின, அவற்றில் அக்காவின் குரலும் ஒன்று. என்னுடையது தகர டப்பா குரல், அது தப்பித்தது. "உன் குரல் மட்டும் தெளிவா கேக்குது மாப்ளே" என்று அவர் சொல்லும்போதெல்லாம் அக்கா என்னைத்தான் முறைப்பாள்.

கடையிலும் ஒரு கூத்து நடந்தது. கண்ணாடியின் மேல் வெட்டுச் சக்கரம் ஓடும்போது மெல்லிய 'ஸ்ஸ்' என்ற சத்தம் விடாமல் வர வேண்டும். சக்கரம் எங்காவது கீறாமல் வழுக்கினால் அந்த இடத்தில் சத்தம் நின்றுபோகும், தகடு அங்கேதான் கோணலாக உடையும். சில மாதங்களாக மாமாவின் தகடுகள் கோணலாகவே உடைந்தன. முதலில் சக்கரத்தைத் திட்டினார். பிறகு கண்ணாடி அனுப்பும் கம்பெனியைப் போனில் கூப்பிட்டு, அவர்கள் சொன்ன பதில் எதுவும் காதில் விழாமலே திட்டினார். அக்கா தகட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளும் சாக்கில் வந்து நின்றாள். சத்தம் விட்டுப்போன இடத்தில் மேசையை விரலால் தட்டுவாள். அவர் அங்கே மட்டும் சக்கரத்தை இன்னொரு முறை ஓட்டுவார். உடைவது நின்றது. கம்பெனிக்காரன் வழிக்கு வந்துவிட்டான் என்று மாமா என்னிடம் பெருமையடித்துக்கொண்டார்.

எங்கள் கிளப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, படுத்துச் சுடப் பாய்கள், எதிரே அட்டைகள், அவற்றுக்குப் பின்னால் மண்மேடு. கூரைக்கு அடியில் ஒவ்வொரு வெடியும் மண்டைக்குள் வந்து மோதும். மாமாவும் அவர் வயதுக்காரர்களும் சுட ஆரம்பித்தபோது காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சுட்டவர்கள். காதடைப்பான் வந்த பிறகும் அதை ஒழுங்காகப் போடுவதில்லை. கட்டளை கேட்க வேண்டும் என்று இடப்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொள்வார்கள், திரும்ப இறக்குவதற்குள் பக்கத்துப் பாயில் வெடித்துவிடும். வலக்கைக்காரன் கன்னத்தைத் துப்பாக்கியில் சாய்த்தால் வலது காது தோளுக்குள் பதுங்கிவிடும், இடது காதுதான் குழல்முனையைப் பார்த்து நிற்கும். அதனால் எங்கள் பெரியவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு இடது காது பாழ். தேநீர் இடைவேளையில் பெஞ்சின் இடது ஓரத்துக்கு அடிதடியே நடக்கும். அங்கே உட்கார்ந்தால்தான் பேசுகிறவர்கள் எல்லோரும் வலது காதுப் பக்கம் இருப்பார்கள்.

சுடுவதை நிறுத்தச் சொல்லி விசில் ஊதுபவர் ஒரு பெண்மணி. மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், நாங்கள் நர்ஸம்மா என்போம். அவர் விசில் ஊதிவிட்டால் சுண்டுவிரல் அசையக் கூடாது. அட்டைகளுக்குப் பக்கத்தில் உள்ள சுவருக்குப் பின்னாலிருந்து அட்டைக்காரர் வெளியே வந்து அட்டைகளை மாற்றுவார்.

அந்த ஞாயிறு நல்ல காற்று. ஓர் அட்டைச் சட்டம் சாய்ந்து விழுந்தது. நர்ஸம்மா விசில் ஊதினார். கொட்டகை அடங்கியது. அட்டைக்காரர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். என் பக்கத்துப் பாயிலிருந்து மாமா சுட்டார்.

குண்டு அவருடைய அட்டையில்தான் போய் விழுந்தது. அட்டைக்காரர் நாலைந்து அட்டை தள்ளித்தான் இருந்தார். ஆனாலும் மனிதர் அப்படியே தரையில் குப்புற விழுந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டார். அடிபட்டுவிட்டதோ என்று நினைத்து நான் பாய்ந்து மாமாவின் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"என்னடா?" என்றார்.

"விசில் அடிச்சாச்சு மாமா!"

"எங்க அடிச்சாங்க? அடிக்கவே இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. காதுக்குள் ஓயாமல் ஒரு விசில் கேட்கிறவருக்கு வெளியே அடிக்கும் விசில் எப்படித் தெரியும்?

கிளப் செயலாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். நன்றாகக் கேட்டது என்று நான் சொன்னேன். வேறு இரண்டு மூன்று பேரும் சொன்னார்கள். பெரியவர்களோ, கொஞ்சம் மெதுவாகத்தான் ஊதினார், காற்று வேறு அடித்தது என்று இழுத்தார்கள். இவர்கள் விசில் கேட்டு நிறுத்துவதே இல்லை, பக்கத்துப் பாய்க்காரன் நிறுத்துவதைப் பார்த்து நிறுத்துகிறவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு நான் படுத்திருந்தது மாமாவின் முதுகுப் பக்கம், நான் நிறுத்தியது அவர் கண்ணில் படவே இல்லை.

கடைசியில் பழி நர்ஸம்மாவின் தலையில் விழுந்தது. வயதாகிவிட்டது, மூச்சு போதவில்லை, அடுத்த கூட்டத்தில் வேறு ஆளைப் போடலாம் என்றார் செயலாளர். நர்ஸம்மா கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. எனக்கு மாமா மேல் பற்றிக்கொண்டு வந்தது. வீடு வரும்வரை அவரோடு பேசவில்லை. பேசியிருந்தாலும் அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது என்று அப்போதைய கோபத்தில் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை நான் கடைக்குப் போனபோது மாமா வெட்டு மேசை முன்னால் வேலை செய்யாமல் நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் ஒரு புது விசில் இருந்தது, கிளப்பில் இருப்பது போன்றதே. வாங்கி வந்தவர் அவர்தான். அக்காவைக் கூப்பிட்டார்.

"என் பின்னால போய் நில்லு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீ ஊது."

அக்கா என்னைப் பார்த்தாள். ஊது என்று தலையாட்டினேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அக்கா ஊதினாள். கடை வாசலில் போன ஆள் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். மாமா அசையவில்லை. அக்கா கன்னம் உப்ப மறுபடி ஊதினாள், மறுபடியும். எனக்குக் காது கூசியது.

"ஊதேன், என்ன பாத்துக்கிட்டே நிக்கிற?" என்றார் மாமா சுவரிடம்.

அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். அவள் கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெட்டு மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"நீ மேசையைத் தட்டுறது..." என்று ஆரம்பித்தார்.

"ஆமா."

"எத்தன நாளா உனக்குத் தெரியும்?"

"உங்களுக்கு முன்னாலயே" என்றாள் அக்கா, அவர் வலது காதருகே குனிந்து.

அந்த வாரமே காது டாக்டரிடம் போனார்கள். விசில் போகாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். சுடும்போது காதுக்குள் அடைப்பான் ஒன்று, அதன் மேல் காதடைப்பான் ஒன்று, இரண்டையும் கழற்றக் கூடாது. சுடுவதை விட்டுவிட்டால் இன்னும் நல்லது என்றும் சொன்னார். மற்ற நேரத்துக்கு ஒரு காது மெஷின் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு மாமா முதலில் ஒரு கண்ணாடித் துண்டைக் கீறிப் பார்த்தார். ஸ்ஸ் என்றது. பிறந்த குழந்தையின் அழுகையைக் கேட்டவர் மாதிரி சிரித்தார். அடுத்ததாக நான் பிஸ்கட் மெல்லும் சத்தம் கேட்டு, மாடு மாதிரி மெல்லாதே என்றார்.

கூட்டத்துக்கு அவர் மெஷினை மாட்டிக்கொண்டுதான் வந்தார். உண்மையைச் சொன்னால் கிளப்பில் தான் சுடும் பாய் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பாய் போனால் மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. அவர் வாயைத் திறக்காவிட்டால் நர்ஸம்மா போவார், அவ்வளவுதான். அட்டைக்காரர் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார்.

செயலாளர் புது ஆளின் பெயரைப் படிக்க ஆரம்பித்தபோது மாமா எழுந்தார்.

"நர்ஸம்மா ஊதினாங்க. சரியான நேரத்துல, சரியாத்தான் ஊதினாங்க. எனக்குக் காது கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல." பிறகு அட்டைக்காரர் பக்கம் திரும்பி, "உன்னக் கொன்னிருப்பேன். மன்னிச்சுக்கோப்பா" என்றார்.

செயலாளர் கையைக் குவித்து வலது காதில் வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

முதலில் சிரித்தது அட்டைக்காரர்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று தெரியாமல் சிரித்தவர்களும் உண்டு. நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து மேசைமேல் இருந்த விசிலை எடுத்து வாயில் வைத்து, எல்லோரையும் கண்களை மூடச் சொன்னார். கேட்டவர்கள் கையைத் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டு ஊதினார். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன், பாதிக் கைகள்தான் எழுந்தன. செயலாளரின் கை மேசைமேலேயே கிடந்தது.

விசிலோடு சேர்ந்து எரியும்படி, பாய்க்கு ஒன்றாகச் சிவப்பு விளக்கு பொருத்த முடிவானது. விளக்கு வரும்வரை, கை தூக்காதவர் சுட வேண்டுமானால் காது கேட்கிற ஒருவர் பின்னால் நின்று தோளில் கை வைத்திருக்க வேண்டும் என்று நர்ஸம்மா சட்டம் போட்டார். அடுத்த ஞாயிறு கொட்டகை கல்யாண வீடு மாதிரி இருந்தது. மனைவி, மகள், மருமகன் என்று ஆளுக்கு ஒருவர் பின்னால். படுத்துச் சுட்டால் தோள் எட்டாது என்பதால் அந்தப் பக்கம் முழுக்க உட்கார்ந்து சுட்டார்கள்.

அந்த இடத்துக்கு ஒரு நாளும் வராத அக்கா, காதில் பெரிய அடைப்பானோடு மாமாவின் பின்னால் நின்றாள். ஒவ்வொரு வெடிக்கும் தூக்கிப்போட்டது அவளுக்கு. கையை மட்டும் எடுக்கவில்லை. மாமா அடுத்த குண்டைப் போட்டுக் குறிபார்த்துக்கொண்டிருந்தபோது நர்ஸம்மா விசில் ஊதினார். அக்காவின் விரல்கள் அவர் தோளில் அழுந்தின.

அந்த நொடியே விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டார். குண்டை வெளியே எடுத்துப் பாயில் வைத்தார். சுவரருகே பக்கக் கதவு திறந்தது. அட்டைக்காரர் வெளியே வந்து, மாமாவின் அட்டைக்கு நேராக நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று அதைக் கழற்ற ஆரம்பித்தார்.