கோமளா டீச்சரின் டாங்கோ

பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் எங்கள் டாங்கோ ஜோடி நடன வகுப்பு, நீண்ட விவாதத்துக்குப் பிறகு, இடைவேளையில் இனி கறிபாப் பலகாரம் பரிமாறுவதில்லை என்று சென்ற வாரம் முடிவு செய்தது. எண்ணெய்க் கை அடுத்தவர் சட்டை முதுகில் பதிகிறது என்பது ஒரு தரப்பு. கைகழுவத் தெரியாதவர்கள் ஆட வரக்கூடாது என்பது மறுதரப்பு. வாட்ஸ்அப் குழுவில் இரு தரப்பும் பிஸ்கட்டை ஏற்றுச் சமாதானமான சற்று நேரத்தில், கோமளா டீச்சரின் எண்ணிலிருந்து அவர் மகள் எழுதினார்: "அம்மா இன்று காலை கிள்ளான் வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார்."

அவரிடம் பரதம் கற்றவர்கள் பலர். அவருடன் டாங்கோ கற்றவர்கள் நாங்கள் சிலர்தான். அந்தப் பலருக்குத் தெரியாத ஒரு கோமளா டீச்சரை எங்களுக்குத் தெரியும்: வகுப்பிலேயே பின்தங்கிய மாணவி.

முழங்கால் தேய்ந்து, இனி காலைத் தட்டி ஆடக்கூடாது என்று மருத்துவர் சொன்னதும் டீச்சர் தம் நடனப் பள்ளியை மூடினார். "தட்டக்கூடாதுன்னுதானே சொன்னாரு? ஆடக்கூடாதுன்னு சொல்லலையே" என்று எங்களிடம் வந்தார். டாங்கோவில் கால் தரையை உரசிப் போகும். நாங்கள் ஓராண்டில் கற்றதை இவர் ஒரு மாதத்தில் முடித்துவிடுவார் என்று பயந்தோம். பயம் வீண்.

தாளமும் நிமிர்வும் முதல் நாளே இருந்தன. கூடவே பரதத்தின் மற்றப் பழக்கங்களும் வந்திருந்தன. நடக்கச் சொன்னால் முழங்காலை மடக்கி அரைமண்டியில் அமர்ந்தார். திரும்பச் சொன்னால் பாதம் தரையைத் தட்டியது. ஜோடியாக ஆடிய என் தோளில் வைத்த கை, எனக்குப் பின்னால் தாமரையாக மலர்ந்துகொண்டிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். டாங்கோவில் ஆண் நடத்த, பெண் அந்த அசைவுக்குக் காத்திருந்து வர வேண்டும். நான் எங்கே போவதென்று யோசிப்பதற்குள் டீச்சர் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார். டாங்கோவுக்கு முன் எனக்கு எந்த ஆட்டமும் பழக்கமில்லை. மறக்க எதுவும் இல்லாததும் ஒரு தகுதி என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒருநாள் டீச்சர், எங்கள் ஆசிரியர் வின்சென்ட்டிடம் கேட்டார்: "சபை எந்தப் பக்கம்பா?"

"சபையே இல்ல டீச்சர். எதிர்ல நிக்கிறாரே, அவரு மட்டும்தான்."

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவரு மட்டுமா?"

நான் அதைத் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ளவில்லை.

அம்பாங்கில் ஓர் ஆட்ட விருந்துக்குப் போனோம். அங்கே ஆடக் கூப்பிடுவது வாயால் அல்ல, கண்ணால். டீச்சர் கூடத்தை ஒருமுறை பார்த்தார். வெவ்வேறு மூலைகளிலிருந்து மூன்று ஆண்கள் எழுந்து வந்தார்கள்.

"ஐயோ, சும்மாதான் பார்த்தேன்!"

"உங்க சும்மாவே இப்படின்னா, இனிமே கண்ண மூடிக்கிட்டு ஆடுங்க லா" என்றார் வின்சென்ட்.

சிரித்தோம். ஆனால் தட்டுவது நிற்கவில்லை, முழங்கால் வீங்கியது. "இன்னும் தட்டுனீங்கன்னா நானே உங்கள நிறுத்திருவேன்" என்றார் வின்சென்ட். டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "இதையும் விட்டுட்டா நான் எங்கப்பா போய் ஆடுவேன்?"

அடுத்த வாரம் அவருடன் ஆடும்போது, பாட்டின் நடுவில் எனக்கு அடுத்த அடி மறந்துவிட்டது. நின்றேன். டீச்சரும் நின்றார். கண் மூடியிருந்தது, கால் எதையும் தேடவில்லை, என் அசைவுக்காகக் காத்திருந்தார். பிறகு நான் நகர, சத்தமில்லாமல் கூடவே வந்தார்.

பாட்டு முடிந்ததும், "ஏன் சார் நின்னீங்க?" என்றார்.

"மறந்து போச்சு டீச்சர்."

"வெளிய சொல்லிராதீங்க. நல்லா இருந்துச்சு."

அதன்பின் அவர் தட்டவில்லை. கடைசி வாரம்வரை ஆடினார். வாழ்நாள் முழுவதும் கற்றதை ஒரு பாட்டு நேரம் கீழே இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் ஒருவனுக்காகக் காத்திருந்தாரே, அதைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

வகுப்பில் இப்போது ஆண்களில் ஒருவர் அதிகம். முறை வைத்து உட்காருகிறோம்.